சக்கரமா, மின்கலனா? தெற்கு ஆஸ்திரேலியா இரண்டையும் வாங்கிய கதை

மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியுமா என்று மாணவர் ஒருவர் கேட்டால் நம் வாயில் முதலில் வருவது பேட்டரிதான். கைப்பேசி, மடிக்கணினி, இப்போது கார் வரைக்கும் மின்கலனில் ஓடும்போது வேறென்ன சொல்லத் தோன்றும்? தப்பில்லை. ஆனால் ஒரு நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் கட்டமைப்பில் மின்கலனுக்கு முன்பே இன்னொரு சேமிப்பு இருந்தது. இப்பவும் இருக்கு. அது சுழன்றுகொண்டிருக்கும் கனத்த இரும்பு. அதை யாரும் சேமிப்பு என்று எண்ணிப் பார்த்ததில்லை. அதற்கென்று தனியாகக் காசு கொடுத்ததும் இல்லை. அது குறைந்துபோன பிறகுதான் அதற்கு விலை போட வேண்டி வந்தது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் ஈலான் மஸ்க் 100 நாளில் பெரிய பேட்டரி கட்டிக் கொடுத்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாசிப்புப் பகுதியாகக்கூட அதைச் சிலர் வகுப்பில் பயன்படுத்தியிருக்கலாம். நல்ல கதைதான். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதியைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் குயவர் சக்கரம். பழந்தமிழில் திகிரி என்ற சொல் பொதுவாகச் சக்கரத்தையும் குறிக்கும், குயவர் சக்கரத்தையும் குறிக்கும். கோலால் வேகமாகச் சுற்றிவிட்டால் போதும். குயவர் இரண்டு கையையும் மண்ணில் வைத்து வேலை பார்ப்பார், சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். அவர் கை கொடுத்த உழைப்பு சக்கரத்தின் சுழற்சியில் தங்கியிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. நீராவி எந்திரத்தில் மாட்டிய பெரிய சக்கரமும் இதே வேலையைத்தான் செய்தது. பிஸ்டன் தள்ளும், ஓயும், மறுபடி தள்ளும். வெட்டி வெட்டி வரும் அந்த விசையைச் சக்கரம் வாங்கி வைத்துக்கொண்டு சீராகக் கொடுக்கும். ஆங்கிலத்தில் ஃபிளைவீல் என்பார்கள். தமிழில் இதற்கு ஆளுக்கொரு சொல் புழங்குகிறது; நான் இங்கே சுழற்சக்கரம் என்றே எழுதுகிறேன். அதன் கணக்கில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சக்கரத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் தங்கும் ஆற்றல் நான்கு மடங்காகும்.

மின்சாரம் வந்த பிறகும் சக்கரம் ஓய்வு பெறவில்லை. 1900களின் தொடக்கத்தில் சுரங்கங்களில் ஆழத்திலிருந்து கனிமத்தை மேலே தூக்கும் மின்சார எந்திரங்கள் வந்தன. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அவை மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும். அந்த இழுப்பை அந்தக் காலத்து மின்நிலையங்களால் தாங்க முடியவில்லை. கார்ல் இல்க்னர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் பல டன் எடையுள்ள சக்கரம் ஒன்றை வைத்தார். தூக்கும் வேளையில் சக்கரம் வேகம் குறைந்து ஆற்றலைக் கொடுத்தது. இடைவேளையில் மெதுவாக வேகம் பிடித்துக்கொண்டது. இல்க்னர் பெயராலேயே அந்த முறை அழைக்கப்பட்டது.

மின்நிலையங்களைப் பொறுத்தவரை சக்கரத்தைத் தனியாகப் பொருத்த வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஏன் என்றால், நிலக்கரியோ எரிவாயுவோ நீரோ எதனால் ஓடினாலும், டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த அந்தத் தண்டே பல டன் எடையுள்ள ஒரு சக்கரம். நம் வட்டாரத்தில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதற்காகப் பெரிய நீராவி டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். ஒரே கட்டமைப்பில் இணைந்த இத்தகைய எந்திரங்கள் எல்லாம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், கைகோத்து ஆடுவதுபோல ஒரே தாளத்தில் சுற்றும். ஒரு நிலையம் திடீரென்று நின்றால் மற்றவற்றின் சுமை கூடும். அவற்றின் வேகம் குறையத் தொடங்கும். ஆனால் கனம் இருப்பதால் சட்டென்று குறையாது. இந்தப் பண்புக்குத் தமிழில் நிலைமம் என்று பெயர். ‘நிலை’யிலிருந்து பிறந்த சொல், பொருத்தமான சொல். இருந்த நிலையிலேயே இருக்கப் பார்ப்பது. அந்த நிலைமம் சில விநாடிகளைச் சம்பாதித்துக் கொடுக்கும். அந்தச் சில விநாடிக்குள் மற்ற நிலையங்கள் நீராவியை, எரிவாயுவைக் கூட்டிக்கொள்ளும்.

சில விநாடி போதாவிட்டால் அடுத்த காவல் ஒன்று இருக்கிறது. அதிர்வெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் சில வட்டாரங்களின் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். சிலரை இருட்டில் விட்டு மொத்தக் கட்டமைப்பைக் காப்பாற்றும் ஏற்பாடு. 2018 செப்டம்பர் 18ஆம் தேதி நள்ளிரவு தாண்டி சிங்கப்பூரில் நடந்தது இதுதான். மின்னாக்க எந்திரங்கள் தடைபட்டன, ஏறக்குறைய 147,000 வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது, 38 நிமிடத்தில் எல்லாருக்கும் திரும்பி வந்தது. விழித்திருந்தவர்கள் திட்டியிருப்பார்கள். ஆனால் அந்த ஏற்பாடு வேலை செய்ததால்தான் மீதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மின்கலனின் வரலாறும் சின்னதில்லை. 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே ஈய-அமில மின்கலனைச் செய்தார். 1880களிலும் 1890களிலும் நகரங்களுக்கு நேர்மின்னோட்டம் வழங்கிய நிலையங்கள் பலவற்றில் இந்த மின்கலன்கள் அறை நிறைய அடுக்கப்பட்டிருந்தன. ராத்திரி வெகுநேரம் ஆனபின் எந்திரத்தை நிறுத்திவிட்டு மின்கலனிலிருந்தே விளக்குகளை எரித்தார்கள். அப்புறம் மாறுதிசை மின்னோட்டம் வந்தது, தொலைதூரக் கம்பிகள் வந்தன. மின்கலனை மாறுதிசை மின்னோட்டத்தில் நேரடியாகச் செருக முடியாது, நடுவில் மாற்றி வேண்டும். மெல்ல மெல்ல அந்த அறைகள் காலியாயின.

மின்கலன் மறுபடி பெரிய அளவில் தேவைப்பட்ட இடங்களில் மேற்கு பெர்லினும் ஒன்று, அதுவும் அரசியல் காரணத்தால். நகரம் இரண்டாகப் பிரிந்திருந்தபோது அதன் மேற்குப் பாதியின் மின்கட்டமைப்பு சுற்றியிருந்த எதனோடும் இணையாமல் தனித்தீவாக நின்றது. தீவு என்றால் கைகோத்து ஆட ஆள் குறைவு. ஒரு எந்திரம் நின்றால் தாளம் மொத்தமும் தடுமாறும். அதனால் 1980களின் நடுவில் 17 மெகாவாட் திறனும் 14 மெகாவாட்-மணி கொள்ளளவும் உள்ள ஈய-அமில மின்கலன் நிலையம் ஒன்றை அங்கே கட்டினார்கள். அதன் தலையாய வேலை அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்துவது. கவனியுங்கள், மின்கலன் அங்கே செய்தது சக்கரத்தின் வேலை. பெர்லின் சுவர் விழுந்து, 1994 இறுதியில் அந்நகரம் மேற்கு ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மெகாவாட் என்பது ஒரு நேரத்தில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. குழாயின் அகலம் மாதிரி. மெகாவாட்-மணி என்பது மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது. தொட்டியின் அளவு மாதிரி. பின்னதை முன்னதால் வகுத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்துவிடும். பெர்லினுக்கு வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்புவது அன்றாடம் நடக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

சுழற்சக்கரத்தையே தனிச் சேமிப்பாக விற்கப் பார்த்த நிறுவனம் அமெரிக்காவின் பீக்கன் பவர். நியூயார்க் மாநிலத்தில் ஸ்டீஃபன்டவுன் என்ற சிற்றூரில் 2011இல் 200 சக்கரங்களோடு நிலையம் திறந்தார்கள். இரும்பை விட்டுவிட்டுக் கார்பன் இழையில் செய்த சக்கரங்கள். காற்று இழுத்துப் பிடிக்காதபடி வெற்றிடத்தில், உரசல் இல்லாதபடி காந்தத்தில் மிதந்துகொண்டு, நிமிடத்துக்கு 16,000 சுற்று வரை சுற்றுபவை. மொத்தம் 20 மெகாவாட், 5 மெகாவாட்-மணி. வகுத்துப் பாருங்கள், கால் மணி நேரம். கட்டமைப்பின் அதிர்வெண் கூடிக் குறையும்போதெல்லாம் நொடிக்கு நொடி வாங்கியும் கொடுத்தும் சீராக்குவது இவற்றின் தொழில்.

அமெரிக்க அரசு 43 மில்லியன் டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அப்படியும் அதே 2011 அக்டோபர் 30ஆம் தேதி நிறுவனம் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் மனுப்போட்டது. வருத்தம் என்னன்னா, வேகமாகச் செயல்படும் சேமிப்புக்கு அதன் வேகத்துக்கேற்ப நியாயமான கட்டணம் தர வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டது அதற்குப் பத்தே நாளுக்கு முன்னால். அந்தக் காசு கைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. இன்னொரு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பென்சில்வேனியாவில் அதே அளவில் இரண்டாவது நிலையமும் 2014இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அதற்குள் லித்தியம் மின்கலனின் விலை சரியத் தொடங்கிவிட்டது. கைப்பேசிக்கும் காருக்கும் கோடிக்கணக்கில் செய்கிற பொருளோடு, இந்த ஒரு வேலைக்காக மட்டும் செய்கிற சக்கரம் விலையில் மோத முடியுமா? அதோடு மின்கலன் அதிர்வெண்ணைப் பார்த்துக்கொண்டே, மிச்சத் திறனில் மலிவான நேரத்தில் மின்சாரத்தை வாங்கி, விலை ஏறிய நேரத்தில் விற்கவும் செய்யும். கால் மணி நேரச் சக்கரத்தால் அந்த வியாபாரம் நடக்காது. சும்மா விட்டால் தானே மெல்ல வேகம் இழந்துவிடும் குறையும் அதற்கு உண்டு.

சக்கரம் ஜெயித்த இடமும் இருக்கு. அலாஸ்காவின் கோடியாக் தீவில் நீர்மின்சாரமும் காற்றாலையும்தான். காற்றின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க அங்கே 3 மெகாவாட் ஈய-அமில மின்கலன் வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் பெரிய மின்சாரப் பாரந்தூக்கி வரப்போகிறது என்றதும் சிக்கல். நாளெல்லாம் தூக்கி இறக்கும் அந்த இழுப்பை மின்கலன்மேல் போட்டால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். மின்கலனுக்கு ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் ஆயுளில் கொஞ்சம் கழிவு. சக்கரத்துக்கு அப்படிக் கணக்கில்லை, லட்சம் முறை ஆனாலும் சுற்றும். 2015இல் 1 மெகாவாட் சக்கரம் இரண்டை வாங்கி வைத்தார்கள். இல்க்னர் சுரங்கத்தில் செய்ததை நூறாண்டு கழித்துத் துறைமுகத்தில் செய்தார்கள்.

சரி, தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வருவோம்.

அந்த மாநிலத்தில் போர்ட் அகஸ்டா என்ற ஊருக்கு அருகே நார்தர்ன் என்ற நிலக்கரி மின்நிலையம் இருந்தது. 2016 மே மாதம் அதை மூடினார்கள். காற்றாலை மின்சாரம் மலிந்துவிட்டதால் அது கட்டுப்படியாகவில்லை. மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையம். புகை போயிற்று, நல்லதுதான். கூடவே இரண்டு பெரிய டர்பைன்களின் கனமும் போயிற்று. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் சொத்தாக எழுதப்பட்டிருக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28. சூறாவளி கோபுரங்களைச் சாய்த்து மூன்று முக்கிய மின்கம்பித் தடங்களை அறுத்தது. அப்போது மாநிலத்தின் தேவை சுமார் 1,800 மெகாவாட். அதில் ஏறக்குறைய பாதி காற்றாலையிலிருந்து, மூன்றில் ஒரு பங்கு பக்கத்து விக்டோரியா மாநிலத்திலிருந்து. கம்பிகள் அறுந்தபோது மின்னழுத்தம் இரண்டே நிமிடத்துக்குள் பலமுறை தடுமாறியது. இத்தனை முறைக்கு மேல் தடுமாறினால் ஒதுங்கிக்கொள் என்று ஒன்பது காற்றாலைப் பண்ணைகளின் கட்டுப்பாட்டில் அமைத்து வைத்திருந்தார்கள். அவை சொன்னபடி ஒதுங்கிக்கொண்டன. 450 மெகாவாட்டுக்கு மேல் ஒரேயடியாகக் காணாமல் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்புக் கம்பி தாங்கும் அளவுக்கு மேல் இழுத்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அறுத்துக்கொண்டது. மாநிலம் தனித்தீவானது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். மேலே சொன்ன இரண்டாவது காவல், அதாவது சில வட்டாரங்களைத் துண்டித்து மற்றதைக் காப்பது, இங்கும் இருந்தது. ஆனால் அதிர்வெண் நொடிக்கு ஏறக்குறைய 6 ஹெர்ட்ஸ் என்ற வேகத்தில் விழுந்தது. துண்டிக்க வேண்டிய கருவிகள் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளூர் நேரப்படி பிற்பகல் 3 மணி 48 நிமிடத்துக்கு மாநிலம் மொத்தமும் இருண்டது. சுமார் 850,000 வாடிக்கையாளர்கள். அடிலெய்டில் பெரும்பாலோருக்கு அன்றிரவே கரண்ட் வந்துவிட்டது. வடக்கே பலர் நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

காற்றாலைகள்தான் காரணம் என்று ஒரு தரப்பு அரசியல்வாதிகள் மறுநாளே பேசினார்கள். கோபுரத்தைச் சாய்த்தது புயல்தானே என்று மறுதரப்பு. இரண்டுமே அவசரப் பேச்சு. காற்றாலையின் கட்டுப்பாட்டில் இருந்த ஓர் எண் பெரிய குற்றவாளி. அதைப் பிறகு மாற்றிவிட்டார்கள். நார்தர்ன் நிலையம் ஓடியிருந்தால் இருட்டாகியிருக்காது என்று அடித்துச் சொல்வதும் அதே அவசரந்தான். ஆனால் கனம் கூடுதலாக இருந்திருந்தால் விழும் வேகம் குறைந்திருக்கும், இரண்டாவது காவலுக்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

2017 மார்ச்சில்தான் அந்தப் புகழ்பெற்ற சமூக ஊடகச் சவால். ஒப்பந்தம் கையெழுத்தாகி 100 நாளில் முடிக்காவிட்டால் இலவசம் என்றார் மஸ்க். டிசம்பர் 1ஆம் தேதி ஜேம்ஸ்டவுன் அருகே ஹார்ன்ஸ்டேல் மின்கலன் நிலையம் ஓடத் தொடங்கியது. 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. அப்போது உலகிலேயே பெரிய லித்தியம் மின்கலன். இரண்டு வாரம் ஆகவில்லை, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி விக்டோரியாவில் ஒரு நிலக்கரி எந்திரம் 560 மெகாவாட்டோடு நின்றது. வேறொரு நிலையத்தின் முறை வருவதற்கு முன்பே ஹார்ன்ஸ்டேல் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் தள்ளியது. தள்ளிய அளவு சிறியது, சுமார் 7 மெகாவாட்தான். ஆனால் வேகத்தைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். முதல் ஆண்டில் அது மின்சந்தைக்கு ஏறக்குறைய 40 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரை மிச்சப்படுத்தியதாகக் கணக்கிட்டார்கள்.

ஒரு விவரம் பெரும்பாலான கட்டுரைகளில் வருவதில்லை. அந்த 100 மெகாவாட்டில் 70ஐ மாநில அரசு தன் கட்டமைப்பின் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்தது. எவ்வளவு நேரத்துக்கு? பத்து நிமிடத்துக்கு. கொள்ளளவில் மிகப் பெரும்பங்கு வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு. மாநிலத்தைக் காக்கும் வேலைக்குத் தேவைப்பட்டது பீக்கன் சக்கரங்கள் தந்த நேரத்தைவிடக் குறைவு!

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. மின்கலன் வந்த பிறகும், காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும், சில எரிவாயு எந்திரங்களை எப்போதும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவற்றின் மின்சாரம் தேவைப்பட்டதால் என்பதைவிட, அவற்றின் சுழற்சி தேவைப்பட்டதால். ஹார்ன்ஸ்டேல் மின்கலன் அதிர்வெண் விழுவதை அளந்து பார்த்து, பிறகு செயல்படும், எவ்வளவு வேகமாக என்றாலும். சுழலும் இரும்பு அளந்து பார்ப்பதில்லை. விழத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே அது தடுத்துக்கொண்டிருக்கும். கம்பியில் எங்காவது பழுது ஏற்படும்போது மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதிலும் அதற்கு ஈடு அன்றைக்கு இல்லை.

ஆகவே 2021இல் அந்த மாநிலம் இரும்பைத் திரும்ப வாங்கியது. சிங்க்ரோனஸ் கண்டென்சர் என்று பெயர். பார்க்க ஜெனரேட்டர் மாதிரியே இருக்கும், ஆனால் டர்பைன் கிடையாது, எரிபொருள் கிடையாது. கட்டமைப்பிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் வாங்கிச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நான்கு எந்திரங்கள், ஒவ்வொன்றிலும் கனம் சேர்க்கத் தனியாக ஒரு சுழற்சக்கரம். செலவு சுமார் 166 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். இரண்டு ராபர்ட்ஸ்டவுனில், இரண்டு டேவன்போர்ட்டில். டேவன்போர்ட் எங்கே இருக்கிறது தெரியுமா? போர்ட் அகஸ்டாவுக்குப் பக்கத்தில். நார்தர்ன் நிலையத்தின் டர்பைன்கள் சுழன்ற இடத்திலிருந்து சில கிலோமீட்டர்.

இந்த நான்கிலும் சேர்த்துத் தங்கியிருக்கும் ஆற்றல் 4,400 மெகாவாட்-விநாடி. பெரிய எண்ணாகத் தெரிகிறதா? 3,600ஆல் வகுத்தால் 1.2 மெகாவாட்-மணி. ஹார்ன்ஸ்டேல் மின்கலனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கு அவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் சேமிப்பின் அளவை மட்டும் பார்க்கிறார்கள். எப்போது கொடுக்கிறது என்பதற்கும் விலை உண்டு. இந்த எந்திரங்கள் வந்தபின், கட்டாயமாக ஓட்ட வேண்டிய எரிவாயு எந்திரங்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அந்த அளவுக்கு எரிவாயுச் செலவும் புகையும் மிச்சம்.

மின்கலனும் சும்மா இருக்கவில்லை. 2020இல் இன்னும் 50 மெகாவாட் சேர்த்து விரிவாக்கப்பட்ட ஹார்ன்ஸ்டேல், 2022இல் புதிய மென்பொருளோடு சுழலும் எந்திரத்தைப்போலவே நடந்துகொள்ளத் தொடங்கியது. அதன் இன்வெர்ட்டர்கள், தாமே ஒரு கனத்த சக்கரம் என்று பாவித்து அதிர்வெண்ணின் அசைவுக்கு ஈடுகொடுக்கும். இரும்பு இல்லாமலே நிலைமம். சக்கரத்தைத் தோற்கடித்ததாகச் சொல்லப்பட்ட மின்கலன் கடைசியில் சக்கரத்தைத்தான் காப்பியடித்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நம் பக்கம் ஜூரோங் தீவில் 2023 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட மின்கலன் நிலையம் 200 மெகாவாட், 285 மெகாவாட்-மணி. மேகம் மறைத்துச் சூரிய மின்சாரம் தடுமாறும்போது அது கைகொடுக்கும். மற்றபடி சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இன்னும் இயற்கை எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. அந்த டர்பைன்கள் மின்சாரத்தோடு சேர்த்துத் தங்கள் கனத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.